பிரிக்காத பெட்டியும் வியாழக்கிழமை ஆட்டமும்

டாஃபின் ஊரில் டயர் மாற்ற வேண்டுமென்றால் வெண்டல் ரிட்சாக்கின் கடைக்குப் போவார்கள். கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்பதென்றாலும் அவனிடம்தான் போவார்கள். முதல் வேலையை இருபது நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிடுவான். இரண்டாவதற்கு அவனிடம் ஒரே பதில்தான் உண்டு. "இப்ப வாங்காத. கொஞ்சம் பொறு. அடுத்தது வரட்டும்."

அடுத்தது எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும், அதுதான் தொல்லை. ஜனவரிக் கண்காட்சியில் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரில் ஒரு புது வகையை அறிவிப்பார்கள். அது கடைக்கு வரக் கோடையாகும். கோடையில் வந்ததும், விலை இறங்கட்டும் என்று இலையுதிர்காலம் வரை இருக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் அடுத்த ஜனவரியைப் பற்றிய வதந்தி கிளம்பிவிடும். கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில் வெண்டல் எழுதிய பதில்கள் நாலாயிரத்தைத் தாண்டும். அதில் பாதி 'பொறு' என்பதுதான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். வெண்டல் மூன்று வருஷம் பொறுத்தான். பூமியை விடுங்கள், தன் வீட்டு பேஸ்மென்டில் கிடந்த ஒரு மேஜையைக்கூட அவனால் ஆள முடியவில்லை.

ஆள் ஒல்லி. நாற்பத்தொன்பது வயது. உட்கார்ந்தால் வலது முழங்கால் ஆடும், நின்றால் கையில் சாவிக்கொத்து ஆடும். காபியை வாங்கி நாலு வாய் குடித்து எங்கேயாவது வைத்துவிட்டு அப்புறம் ஊரெல்லாம் தேடுவான். கடையில் எந்த டயர் அடுக்கின் மேல் பார்த்தாலும் ஆறிப்போன காபி ஒன்று இருக்கும். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாத இந்த மனுஷன் எப்படி ஊருக்கெல்லாம் பொறுமையைப் போதிக்கிறான் என்று அவன் மனைவி ஹலீனாவுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் புரியவில்லை. அவள் ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறவள். குதிக்கப் பயப்படுகிற பிள்ளையை எப்படித் தண்ணீரில் இறக்குவது என்று அவளுக்கு அத்துபடி. புருஷனிடம் மட்டும் அந்த வித்தை செல்லவில்லை.

இந்தத் தயக்கம் அவனோடு போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவன் ஒரு வரிசையின் தலையில் இருந்தான். அவன் நகர்ந்தால்தான் பின்னால் இருப்பவர்கள் நகர முடியும்.

வரிசை உண்டானது இப்படி. முன்பு ஒரு தடவை வெண்டல் புது ப்ராசசர் வாங்கியபோது, கழற்றிய பழையது நல்ல நிலையில் இருக்கிறதே என்று கோரலி டெஜார்லேவிடம் கொடுத்தான். கோரலி அவனோடு பள்ளியில் படித்தவள். புரொபேன் எரிவாயுக் கம்பெனியில் வண்டிகளை அனுப்புகிற வேலை. அதற்கடுத்த தடவை அவன் வாங்கியபோது அவனுடையது கோரலிக்குப் போனது, கோரலியுடையது தியோ மக்சினோவுக்குப் போனது. மக்சினோ முதியோர் இல்லத்தில் சமையல்காரன். மணிலாவுக்குத் தெற்கே ஏதோ ஊரிலிருந்து வந்து பதினோரு வருஷமாகிறது. ப்ராசசர் உட்காருகிற மதர்போர்டு மூன்று பேரிடமும் ஒரே மாதிரி, அதனால் ஒருவர் கழற்றியது இன்னொருவருக்கு அப்படியே பொருந்தும். இதில் காசு கை மாறாது. கோரலி வீட்டிலிருந்து சஸ்கட்டூன் என்கிற காட்டுப்பழம் வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம் வரும், மக்சினோவிடமிருந்து லும்பியா என்கிற பொரித்த சுருள் வரும். யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்றும் இருந்தது. வரிசையில் நிற்பவர் தாமாகப் போய்ப் புதிதாக வாங்கக்கூடாது.

சட்டத்தை மீறியவன் லைல் பெட்டர்சன். முதலில் அவனும் வரிசையில் இருந்தான். முறை வரும் வரும் என்று பார்த்துவிட்டு, ஒரு கிறிஸ்துமஸுக்கு முழு கம்ப்யூட்டராகவே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். வெண்டல் அதைத் தன் முகத்தில் அடித்த மாதிரி எடுத்துக்கொண்டான். "அவனுக்கு அவசரம். போகட்டும்" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் லைல் டயர் மாற்ற வந்தால் வெண்டல் வானிலை பேசுவான், வேறு எதுவும் பேச மாட்டான். ஊரில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மக்சினோவும் பார்த்தான்.

மிச்சமிருந்த மூன்று பேரும் வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அவரவர் வீட்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். பனி மூடிய ஒரு பள்ளத்தாக்கில் தண்டவாளம் போட்டு, ரயில் விட்டு, ஊர் கட்டுகிற ஆட்டம். நாலு வருஷமாக ஒரே ஊரைத்தான் கட்டினார்கள். வெண்டல் பாலம் கட்டுவான். கோரலி சுரங்கத்தையும் சந்தையையும் பார்த்துக்கொள்வாள். ரயில்களின் நேர அட்டவணை மக்சினோவுடையது. எண்பது பேருக்கு மூன்று வேளை சாப்பாடு நேரத்துக்குத் தட்டில் வைக்கிறவனுக்கு நாற்பது ரயில் ஒரு பொருட்டில்லை.

போன அக்டோபரில் அந்த ஆட்டத்துக்குப் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. அதுவரை பொம்மையாக நடந்துகொண்டிருந்த ஊர் மக்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசிக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு எங்கே வேலைக்குப் போவது, எந்த ரயிலில் ஏறுவது என்று. பத்தாயிரம் பேர் யோசிப்பதையும் ப்ராசசர்தான் யோசித்தாக வேண்டும். வெண்டலுடைய கம்ப்யூட்டரே அவ்வப்போது மூச்சு வாங்கியது.

நவம்பரில் மக்சினோ வருவதை நிறுத்தினான். "கிச்சன்ல ஆள் இல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் என் ஷிஃப்டாயிடுச்சு" என்றான். அட்டவணையைப் பார்க்க ஆளில்லாமல் ரயில்கள் ஒன்றின் பின்னால் ஒன்று வந்து நின்றன. சந்தைக்கு மாவு வரவில்லை. வெண்டல் அட்டவணையில் கை வைத்து அதை இன்னும் கெடுத்தான். ஆனால் உண்மையில் அவனை அரித்தது ரயில் இல்லை. ஆட்டத்தின் நடுவில் மக்சினோ வாய்க்குள்ளேயே ஒரு பாட்டை முணுமுணுப்பான், தனக்கே தெரியாமல். வாரம் முழுக்க நட்டுக் கழற்றுகிற இம்பாக்ட் ரெஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அந்த முணுமுணுப்பைக் கேட்டால் வெண்டலின் முழங்கால் ஆடுவது நிற்கும். இப்போது அது இல்லை. வியாழக்கிழமை என்றால் கோரலியும் அவனும் மாறி மாறிப் பெருமூச்சு விடுவது என்றாகிவிட்டது.

ஜனவரி கடைசியில் வின்னிபெக் நகருக்குப் போன வெண்டல், யாரும் எதிர்பாராதபடி ஒரு ப்ராசசரோடு திரும்பினான். அவர்களுடைய மதர்போர்டில் உட்காரக்கூடிய கடைசி ப்ராசசர் அது. இனி அந்த வகை தயாரிக்க மாட்டார்கள். கடையில் இரண்டுதான் மிச்சம். அதை விட்டால், அடுத்த தலைமுறைக்காகக் காத்திருந்து மதர்போர்டு, மெமரி எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வாங்கினான், ஆனால் பிரிக்கவில்லை. முப்பது நாளுக்குள் முத்திரை உடையாமல் கொண்டுபோனால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். பெட்டியை பேஸ்மென்டில் ஃப்ரீஸர் மேல் வைத்தான். காலையில் இறங்கிப் போய் அதைக் கையில் எடுப்பான். மன்றத்தைத் திறந்து, புதிய தலைமுறை ஜூனில் வருமா செப்டம்பரில் வருமா என்று படிப்பான். பெட்டியைத் திரும்ப வைப்பான். சாயங்காலமும் அதே கூத்து.

"அது என்ன முட்டையா, அடைகாக்கிறதுக்கு?" என்றாள் ஹலீனா.

"யோசிக்கிறேன்."

"யோசி, யோசி. குஞ்சு பொரிச்சா கூப்பிடு."

இருபத்தாறாம் நாள், சனிக்கிழமை, கோரலி தன் பிக்கப்பில் ஆணி குத்தியது என்று கடைக்கு வந்தாள். டயரைக் கழற்றி முடிப்பதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பிரிச்சியா?"

"இல்ல. செப்டம்பர்ல வர்றது முப்பது சதவீதம் வேகமாம்."

"போன வருஷமும் ஒரு செப்டம்பர் வந்துச்சே."

"அது வேற."

"டேய் வெண்டல்." அவள் கையுறையைக் கழற்றி மேஜையில் போட்டாள். "நான் சொல்றதக் கேளு. மார்ச் முதல் வாரம் வரைக்கும் பாப்பேன். மக்சினோ வரலைன்னா நானும் வரல. ரெண்டு பேரா உக்காந்து ஆட அது என்ன சீட்டுக்கட்டா?"

"அவனுக்கு ஷிஃப்ட். நான் ப்ராசசர் மாத்தினா அவன் ஷிஃப்ட் மாறிடுமா?"

கோரலி வாயைத் திறந்தாள், மூடினாள். ஆணி குத்திய இடத்தில் பூசிய சோப்புத் தண்ணீர் குமிழ் விடுகிறதா என்று குனிந்து பார்ப்பதுபோல் பார்த்தாள். "நீ பிரி. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றாள். ஏதோ தெரிந்து வைத்துக்கொண்டு விழுங்குகிறாள் என்று வெண்டலுக்குப் பட்டது. கேட்கலாம் என்று நினைத்தான். அதற்குள் இன்னொரு வண்டி உள்ளே வந்துவிட்டது.

இருபத்தொன்பதாம் நாள் ஹலீனாவுக்கு வின்னிபெக்கில் பல் வைத்தியரிடம் முறை. விடிகாலையில், குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க ராத்திரி சொருகிவைத்த பிளாக் ஹீட்டரின் ஒயரைக் காரிலிருந்து பிடுங்கிக்கொண்டே கேட்டாள். "பெட்டி வருதா, வரலையா? ஒண்ணு சொல்லு."

வெண்டல் வாசலுக்கும் காருக்கும் நாலு தடவை நடந்தான். கடைசியில் பெட்டியைக் கொண்டுவந்து அவள் பக்கத்து சீட்டில் வைத்தான். "திருப்பிக் கொடுத்துடு. செப்டம்பர் வரைக்கும் பாக்கலாம்."

அவள் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினாள். சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பான். கடைக்குப் போனவனுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு காரின் நாலு டயரையும் மாட்டிவிட்டு அந்த நாலையே மறுபடி கழற்றினான். இனி செப்டம்பர் வரை வியாழக்கிழமை இல்லை என்ற நினைப்பு எட்டரை மணிக்கு வந்தது. அது எங்கிருந்து வந்தது, ப்ராசசருக்கும் மக்சினோவின் ஷிஃப்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கே தெரியவில்லை. கோரலியின் மூடிய வாய்தான் மறுபடி மறுபடி கண் முன் வந்தது. போனை எடுத்தான்.

"எங்க இருக்க?"

"வழியில, செயின்ட் ரோஸ்ல பெட்ரோல் போடுறேன்."

"பெட்டியக் கொடுத்துடாத."

"ஏன்?"

"தெரியல."

"சரி. ஆனா சாயங்காலம் வந்ததும் மறுபடி மனசு மாறிட்டேன்னு ஆரம்பிச்ச, அந்தப் பெட்டிய நான் ஏரியில போடுவேன்" என்றாள்.

சாயங்காலம் அவள் பெட்டியை நீட்டியபோது வெண்டல் முதலில் பார்த்தது முத்திரையைத்தான். கார்ச் சாவியால் நெடுகக் கிழித்திருந்தது. இனி எந்தக் கடையும் எடுத்துக்கொள்ளாது.

"என்ன பண்ணியிருக்க?"

"குதிக்கப் பயப்படுற பிள்ளைய நான் என்ன பண்ணுவேன்னு நினைக்கிற?"

"தள்ளி விடுவியா?"

"சேச்சே. திரும்ப ஏறிப் போற ஏணிய எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, மரத்துப்போன தாடையைத் தடவிக்கொண்டே படுக்கப் போய்விட்டாள்.

மூன்று வருஷம் ஆடாமல் அசையாமல் நின்றவன் ஓட ஆரம்பித்தால் எப்படி ஓடுவான் என்று அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கோட்டைக்கூடக் கழற்றாமல் பேஸ்மென்டுக்கு இறங்கினான். கம்ப்யூட்டரைத் திறந்து, விசிறியைக் கழற்றி, தன் ப்ராசசரைத் தூக்கினான். மேலே காய்ந்திருந்த, சூட்டைக் கடத்துகிற பேஸ்டைத் துடைத்து, பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, வழக்கம்போல் டப்பியின் மேல் மார்க்கரால் தேதியை எழுதினான். அந்தக் குளிரில் ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்க் கோரலியின் வீட்டுக் கதவைத் தட்டினான். அங்கேயே உட்கார்ந்து அதை மாட்டிக் கொடுத்துவிட்டு, அவளுடையதை வாங்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் மத்தியானம் முதியோர் இல்லத்தின் பின்வாசலில் மக்சினோவிடம் டப்பியைக் கொடுத்தான். மக்சினோ கையை ஏப்ரனில் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"தேங்க்ஸ் குயா" என்றான். அவர்கள் பேச்சில் குயா என்றால் அண்ணன். வந்த வருஷத்திலிருந்து வெண்டலை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

"நாளைக்கு வியாழன். ஷிஃப்ட மாத்த முடியுமான்னு பாரேன்."

"மாத்திடுவேன். ஏழு மணிக்கு இருப்பேன் குயா."

இவ்வளவு சுலபமா என்று வெண்டலுக்கு ஆச்சரியம். சந்தோஷத்தில் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அவனுடைய புதிய ப்ராசசரை மாட்ட அன்றைக்கு நேரமில்லை. வியாழக்கிழமை பெரும் பனிப்புயல் என்று ரேடியோவில் சொன்னதால், ஊரில் தேய்ந்த டயரோடு திரிந்தவர்களெல்லாம் ஒரே நாளில் ஞானம் பெற்றுக் கடை வாசலில் நின்றார்கள். வியாழன் மத்தியானம் புயல் வந்தது. நாலு மணிக்குக் கடையைப் பூட்டினான். ஐந்து மணிக்கு நெடுஞ்சாலையை மூடிவிட்டதாக அறிவித்தார்கள். ஐந்தே காலுக்கு வெண்டல் பேஸ்மென்டில் புதிய ப்ராசசரை உட்காரவைத்து, பேஸ்ட் தடவி, விசிறியை மாட்டி, பொத்தானை அழுத்தினான்.

விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை.

கேபிளைப் பிடுங்கிச் சொருகினான். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ப்ராசசரை எடுத்து, ஊசி ஏதாவது வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். எல்லாம் நேராக இருந்தது. மறுபடி அழுத்தினான். கறுப்புத் திரைதான். மேலும் கீழும் நடந்தான். ஃப்ரீஸர் பக்கத்தில் போய் நின்றபோதுதான் உறைத்தது.

போர்டுக்கு இந்தப் புதிய ப்ராசசரைத் தெரியாது. போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருளை முதலில் புதுப்பித்தால்தான் அது தெரிந்துகொள்ளும். புதுப்பிக்க கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓட வேண்டுமானால் போர்டுக்குத் தெரிந்த பழைய ப்ராசசர் அதில் இருக்க வேண்டும். பழையது இருபது கிலோமீட்டர் தள்ளி, மூடிய சாலைக்கு அப்பால், கோரலியின் வீட்டில் இருந்தது. 'முதலில் பயாஸ், பிறகுதான் பழையதைத் தொடணும்' என்று மன்றத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு எழுதியிருப்பான். படிக்காமல் கழற்றிவிட்டு வந்து அழுகிறவர்களை எப்படியெல்லாம் கிண்டல் செய்திருப்பான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவனுக்குச் சொல்வது சுலபம். வெண்டலுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

மணி ஆறே கால். மக்சினோ ஆட்டத்துக்கு வரப்போகிறான், நாலு மாசத்துக்கப்புறம் முதல் தடவையாக. இல்லாமல் போகப்போவது வெண்டல்தான். போன் செய்து சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இதை எந்த வாயால் சொல்வது?

"மக்சினோ, நீயும் கோரலியும் ஆரம்பிச்சிடுங்க. நான் இன்னிக்கு வர முடியாது போல. கடையில வேலை. புயல்ல ரெண்டு மூணு வண்டி மாட்டிக்கிச்சு, போன் மேல போன். இன்னிக்கு ராத்திரி முழுக்க ஷிஃப்டுதான்."

"குயா, நான் ஜன்னல் பக்கத்துல நிக்கிறேன்" என்றான் மக்சினோ. அவன் வாடகை வீடு டயர் கடைக்கு நேர் எதிர்ச்சாரியில் இருந்தது. "உங்க கடையில லைட் இல்ல."

வெண்டல் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"பரவாயில்ல. அந்த ஷிஃப்ட எனக்குத் தெரியும். நானும் நாலு மாசமா அதத்தான் பாத்தேன்."

"எத?"

"கிச்சன் அஞ்சரைக்கே மூடிடும் குயா. எப்பவும் அஞ்சரைதான். அக்டோபர் மாத்தத்துக்கு அப்புறம் என் கம்ப்யூட்டர்ல நம்ம ஊர் திறக்கவே மாட்டேங்குது. கோரலிக்குத் தெரியும். சொல்லாதன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்." அவன் குரலில் குறை சொல்கிற தொனி கொஞ்சம்கூட இல்லை. அதுதான் வெண்டலால் தாங்க முடியவில்லை. "சரி, உங்களுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க."

வெண்டல் சொன்னான். ஒன்று விடாமல், பயாஸை மறந்தது வரை சொன்னான். மக்சினோ சிரிக்கவில்லை. "அப்ப உங்க போர்டுக்குத் தெரிஞ்ச பழைய ப்ராசசர் ஒண்ணு வேணும். அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டான்.

ஆறே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. நாலு தெரு தூரத்தை மக்சினோ அந்தப் பனியில் காரில் ஊர்ந்து வந்திருந்தான். தன் கம்ப்யூட்டரையும் போர்வையில் சுற்றி, முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தான். ஹலீனா கதவைத் திறந்து பார்த்து, "ரெண்டு பேரா வந்திருக்கீங்க, உள்ள வாங்க" என்றாள். பேஸ்மென்டுக்கு வந்ததும் மக்சினோ கோட்டின் உள்பையிலிருந்து பிளாஸ்டிக் டப்பி ஒன்றை எடுத்து நீட்டினான். நேற்று தன் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது, வரிசையின் வாலில் மிஞ்சியது. இனி அதற்குக் கீழே கொடுக்க ஆளில்லை.

டப்பியின் மேல் வெண்டலின் கையெழுத்தில் தேதி இருந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. இதே போர்டில் அவன் முதன்முதலாக மாட்டிய ப்ராசசர். வெண்டல் புதியதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பழையதை எடுத்தான்.

மாட்டினான். விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

"பயாஸப் புதுப்பிங்க. பத்து நிமிஷத்துல புதுசு மாட்டிடலாம். கோரலி ஏழுக்கு வந்துடுவா" என்றான் மக்சினோ, தன் கம்ப்யூட்டருக்கு ஒயர்களைச் சொருகிக்கொண்டே.

வெண்டல் பயாஸைப் புதுப்பித்தான், ஆனால் பழைய ப்ராசசரைக் கழற்றவில்லை. "இரு. இதுல நம்ம ஊரத் திறந்து பாக்கிறேன்."

"வேணாம் குயா."

வெண்டல் திறந்தான். ஆட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டுகிற பட்டை நகர ஆரம்பித்தது. மக்சினோவின் திரையில் ஒன்றரை நிமிஷத்தில் பள்ளத்தாக்கு வந்துவிட்டது. கோரலியும் வந்துவிட்டாள். மக்சினோ ரயில்கள் நின்றிருந்த லட்சணத்தைப் பார்த்து, "யார் இந்த அட்டவணையில கை வெச்சது?" என்றான். கோரலி, "பேரச் சொல்ல மாட்டேன், பக்கத்துல உக்காந்திருக்கான்" என்றாள். வெண்டலின் பட்டை பாதியில் நின்றது. ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். அவர்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிப்பது காதில் விழுந்தது. அந்தப் பேச்சில் அவனுக்கு இடமில்லை. பதினோராம் நிமிஷம் ஊர் வந்தது. பாலத்தின் மேல் ஒரு ரயில் தெரிந்தது. அது ஓர் அடி நகர்ந்து நின்றது. திரை உறைந்தது. பிறகு ஆட்டமே அணைந்து, மறுபடி தொடக்கத்துக்குப் போய்விட்டது.

முழங்கால் ஆடவில்லை என்பதை வெண்டல் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவையும் அழுத்தினான். மறுபடி பட்டை.

"இதுலதான் நவம்பர்ல உக்காந்திருந்தியா?"

"முதல் மூணு வாரம். அப்புறம் விட்டுட்டேன். ஹெட்செட்ட மட்டும் மாட்டிக்கிட்டு நீங்க பேசுறதக் கேப்பேன். என் மைக்க அணைச்சிடுவேன்."

"வாயத் திறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா. இல்ல, நீயே ஒண்ணு வாங்கியிருக்கலாம்."

மக்சினோ ரயில் ஒன்றை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பிவிட்டான். "லைல் வாங்கினான் இல்ல குயா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "தவிர, நீங்கதானே காத்திருக்கச் சொன்னீங்க" என்றான்.

வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. 'பொறு' என்று எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது. எழுதியவன் ஃப்ரீஸர் மேலிருந்த பெட்டியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காத்திருந்தவன் வேறு ஆள்.

"நான் இன்னிக்கு இதுலயே ஆடுறேன்" என்றான்.

"அது ஓடாது குயா."

"ஓடாட்டி போகட்டும். உக்காந்திருக்கேன்."

ஹெட்செட்டில் கோரலியின் குரல் வந்தது. "என்ன பண்றான் அவன்? பாலம் ஒண்ணு இடிஞ்சு கிடக்கு, கட்ட ஆளில்ல."

மக்சினோ ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தான். பதினோரு வருஷத்தில் அவன் வெண்டலிடம் எதையும் கேட்டதில்லை. கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான், பதிலுக்கு லும்பியா கொண்டுவருவான், அவ்வளவுதான். இப்போது, முத்திரை கிழிந்த பெட்டியிலிருந்து புதிய ப்ராசசரை அவனே எடுத்து வெண்டலின் கையில் வைத்தான்.

"மாட்டுங்க. காத்துக்கிட்டிருக்கோம்" என்றான்.